பேசாலைக் கிணறும் புதிய உயிரியலும்

மன்னார்த் தீவு பண்டுதொட்டு ஈழத்தின் வாயில்களுள் ஒன்றாக விளங்கி வந்துள்ளது. மாதோட்டத் துறையில் மரக்கலம் ஏறியும் இறங்கியும் சென்ற பொருள்கள் எண்ணிறந்தன. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிப் பரவிய திருக்கேதீச்சரம், பாலாவிக் கரையில் நின்று அத்துறையின் தொன்மைக்கு இன்றும் சான்று பகர்கின்றது. தீவின் மண்ணில் பருத்து நிற்கும் பெருக்க மரங்கள் ஆபிரிக்க நிலத்துக்கு உரியன. அராபிய வணிகர் அவற்றைக் கொணர்ந்தனர் என்பது வழிவழி வந்த கூற்று. இவ்வாறு கடல் கடந்து வந்தவற்றுள் மக்கள் விரும்பி ஏற்றவையும் உள. எவர் கண்ணிலும் படாது புகுந்து குடிகொண்டவையும் உள. பின்னைய வகையைச் சார்ந்த ஓர் உயிர் 2016ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் பேசாலையில் கண்டறியப்பட்டது. அது ஒரு நுளம்பு.

மலேரியாத் தடை இயக்கத்தினர் அவ்வூர்க் கிணறுகளிலிருந்து எடுத்த குடம்பிகளுள், இலங்கையில் அதுவரை பதிவு செய்யப்படாத அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் இனத்தைக் கண்டனர். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் முதன்மையான நுளம்பு இதுவே. இலங்கையின் பழைய மலேரியா நுளம்பாகிய கியூலிசிபேசிஸ், வற்றும் ஆறுகளின் மணற் குட்டைகளை நாடுவது. ஸ்டீபன்சியோ கட்டிய கிணற்றையும் நீர்த்தொட்டியையும் மேல்மாடத் தாங்கியையும் நாடுவது. முன்னையது காட்டையும் வயலையும் அடுத்த மக்களை வருத்தியது. பின்னையது ஊர் நடுவிலும் நகர் நடுவிலும் வாழ வல்லது. பேசாலையில் காணப்பட்ட பின்னர் யாழ்ப்பாணத்திலும் இந்நுளம்பு காணப்பட்டது. இராமேசுவரத் தீவுக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றரே ஆதலின், படகு வழியாகவோ காற்று வழியாகவோ அது வந்திருத்தல் கூடும் என்பர்.

இச்செய்தியின் கனத்தை உணர்தற்கு அதே 2016ஆம் ஆண்டில் நிகழ்ந்த வேறு மூன்று நிகழ்ச்சிகளை உடன்வைத்து நோக்குதல் வேண்டும். யூன் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகங்கள், ‘பரம்பரையலகு உந்தல்’ எனத்தகும் புதிய நுட்பம் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டு, அந்நுட்பத்தால் ஆக்கப்பட்ட உயிர்களைத் திறந்த வெளியில் விடுதற்குப் போதிய சான்று இன்னும் இல்லை என்று கூறின. செப்ரெம்பர் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம், மலேரியா அற்ற நாடு என இலங்கைக்குச் சான்றிதழ் அளித்தது. ஒக்ரோபர் மாதத்தில் இந்தியாவின் தாதா அறக்கட்டளைகள், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்துக்கு ஏழு கோடி டொலர் நல்கின. அந்நன்கொடையில் எழுந்த நிறுவனம் சான் டியேகோவிலும் பெங்களூரிலுமாக மேற்கொள்ளக் கருதிய பணிகளுள், உந்தல் நுட்பத்தால் மலேரியா நுளம்பை மாற்றும் ஆராய்ச்சி தலையாயது. அதன்பின் டிசெம்பரில் பேசாலைக் கிணறு தன் செய்தியைச் சொல்லிற்று. நோயை வென்ற நாடு, அந்நோயைப் பரப்பவல்ல புதிய நுளம்பு, அந்நுளம்பையே மாற்றியமைக்க முனையும் புதிய நுட்பம், அந்நுட்பத்தைப் பற்றிய அறிஞர் ஐயம் ஆகிய நான்கும் ஓராண்டில் வந்து கூடின. ஆதலின் புதிய உயிரியலின் இடர்களும் அதனை நெறிப்படுத்தும் முறைகளும் மன்னார்க் கரையினர்க்குத் தொலைதூரத்துச் செய்தியாகா.

அந்நுட்பம் யாது என்பதை முதற்கண் சுருங்கக் காண்போம். ஈரினச் சேர்க்கையால் பெருகும் உயிர்களில், பெற்றோருள் ஒருவரிடம் ஒற்றைப் படியாக உள்ள ஒரு பரம்பரையலகு வழித்தோன்றல்களுள் பாதிக்கே சென்றடையும். இது மெண்டல் கண்ட பொது விதி. 2012ஆம் ஆண்டளவில் உருப்பெற்ற கிறிஸ்பர் எனும் முறை, நிறமூர்த்தத்தில் குறித்த ஓரிடத்தைத் தேடிச் சென்று வெட்டும் கருவியை ஆய்வாளர் கையில் தந்தது. அக்கருவியையே ஒரு பரம்பரையலகாக நுளம்பினுட் பொருத்திவிட்டால், அது தன் இணை நிறமூர்த்தத்தை வெட்டும். வெட்டுண்ட இணை தன்னைச் செப்பஞ் செய்துகொள்ளும்போது அக்கருவியைப் படியெடுத்துக்கொள்ளும். அதனால் பாதிக்குச் செல்ல வேண்டியது ஏறத்தாழ முழுமைக்கும் செல்லும். சில தலைமுறைகளில் ஒரு நிலத்து நுளம்பு இனம் முழுவதும் அவ்வியல்பைப் பெற்றுவிடக் கூடும். 2015ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் அந்தோனி யேம்சு, ஈதன் பியர், வலென்ரினோ கன்ஸ் முதலியோர் இதனை நிகழ்த்திக் காட்டினர். மலேரியாக் கிருமியைத் தடுக்கும் பிறபொருளெதிரிகளுக்குரிய அலகுகளை அவர்கள் உந்தலோடு சேர்த்து ஒரு நுளம்பினத்தில் ஏற்றினர். நூற்றுக்கு 98க்கு மேற்பட்ட வழித்தோன்றல்கள் அவ்வலகுகளைப் பெற்றன. அவர்கள் எடுத்துக்கொண்ட இனம் ஸ்டீபன்சியே.

நுளம்பை இருக்கவிட்டு, நோயைச் சுமவாவண்ணம் அதனை மாற்றுவது ஒரு நெறி. நுளம்பினத்தையே அருகச் செய்வது மற்றொரு நெறி. 2018ஆம் ஆண்டில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியினர், ஆபிரிக்க நுளம்பாகிய கம்பியே இனத்தில் பெண்மைக்குரிய வளர்ச்சியைக் கெடுக்கும் உந்தல் ஒன்றை அமைத்தனர். கூட்டில் அடைத்த நுளம்புக் குடிகள் 7 முதல் 11 தலைமுறைகளுக்குள் அற்றுப்போயின. இவை யாவும் அடைத்த கூட்டினுள் நிகழ்ந்தவை. உந்தல் ஏற்றிய நுளம்பு எதுவும் இதுவரை உலகின் எந்நிலத்திலும் வெளியில் விடப்படவில்லை. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் யிபுத்தி நாட்டில் ஒக்சிரெக் நிறுவனத்தார் விடுத்த ஸ்டீபன்சி ஆண் நுளம்புகள் வேறு வகையின. அவற்றின் பெண் வழித்தோன்றல்கள் வளருமுன் மடியும். விடுப்பதை நிறுத்தினால் ஏற்றிய இயல்பும் நாளடைவில் மறைந்தொழியும். தானே ஓயும் நுட்பத்தையும் தானே பரவும் நுட்பத்தையும் ஒன்றெனக் கருதி வாதிடுவோர் இரு தரப்பிலும் உளர். இவ்வேறுபாட்டைக் கைவிட்ட திறனாய்வு அச்சத்துக்கோ ஆர்வத்துக்கோ அடிமைப்பட்டு விடும்.

புதிய நுட்பத்தை ஆதரிப்போர் கூறும் நியாயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. யிபுத்தியில் 2012ஆம் ஆண்டு ஸ்டீபன்சி முதன்முறை காணப்பட்டபோது அந்நாட்டின் மலேரியா நோயாளர் 27 பேரே. 2020ஆம் ஆண்டில் அத்தொகை 73,000ஐக் கடந்தது. இலங்கையின் பழைய வரலாறும் அத்தகையதே. 1934-35ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 உயிர்கள் மாண்டன. 1946 முதல் டி.டி.ரி. மருந்து நாடெங்கும் தெளிக்கப்பட்டது. 1963இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. நோய் ஒழிந்தது என எண்ணித் தெளிப்பு நிறுத்தப்பட்டது, காவலும் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. பின்னர் நுளம்புகள் டி.டி.ரி.யைத் தாங்கும் ஆற்றலும் பெற்றன. அதன்பின் நெடுநாள் உழைப்பால் 2012ஆம் ஆண்டு ஒக்ரோபரோடு உள்நாட்டில் தொற்றும் மலேரியா நின்றது. ‘வாளாவிருத்தலும் ஓர் இடரே, இடரை நிறுக்கும்போது இரு தட்டுக்களையும் நிறுக்க வேண்டும்’ என்பது ஆதரிப்போர் வாதம். இஃது ஏற்கத்தக்கதே.

எனினும் அதே வரலாறு ஆதரிப்போர் கருதாத பிறிதோர் உண்மையையும் உணர்த்துகின்றது. 1963ஆம் ஆண்டின் வெற்றி மருந்தின் வலிவால் வந்தது. அதன்பின் வந்த வீழ்ச்சிக்கு மருந்தின் மேல் வைத்த மிகை நம்பிக்கை ஒரு காரணம். ஒரு பெருங்கருவி கைக்கு வந்தவுடன் குருதித்துளி சோதிப்பதும், குடம்பி தேடுவதும், வந்திறங்குவோரை விசாரிப்பதும் ஆகிய சிறு பணிகள் மதிப்பிழந்தன. மலேரியா மீண்டது அவ்விடைவெளி வழியாகவே. உந்தல் நுட்பமும் அத்தகைய பெருங்கருவியாகவே முன்வைக்கப்படுகின்றது. ஒருமுறை விட்டால் போதும், எஞ்சிய பணியை இயற்கையே செய்துகொள்ளும் என்பது அதன் கவர்ச்சி. அக்கவர்ச்சியை முதலில் ஐயுறுதல் வேண்டும்.

ஐயத்துக்கு ஆய்வுக்கூடத்திலேயே இடமுண்டு. 2015ஆம் ஆண்டுச் சோதனையில் உந்தல் பெற்ற பெண் நுளம்புகளின் வழித்தோன்றல்களில், வெட்டுண்ட இடம் படியெடுக்காமல் வேறு வகையிற் பொருந்திக்கொண்டதும் காணப்பட்டது. அவ்வாறு பொருந்திய நிறமூர்த்தத்தைக் கருவி பின்னர் அறியாது. உந்தல் அங்கே தடைப்படும். டி.டி.ரி.யைத் தாங்கிய நுளம்பு போல உந்தலைத் தாங்கும் நுளம்பும் தோன்றுதல் கூடும் என்பது இதன் பொருள். மருந்து பயனற்றுப் போனால் தெளிப்பதை நிறுத்தலாம். பயனற்றுப் போன பரம்பரையலகை நுளம்பினத்திலிருந்து திரும்ப எடுத்தல் எளிதன்று. அன்றியும் மலேரியாவைச் சுமக்கும் நுளம்பு ஒன்றன்று. ஸ்டீபன்சியை மாற்றினும் கியூலிசிபேசிஸ் மாறாது. 2018ஆம் ஆண்டு டிசெம்பரில் மொனராகலையில் ஒருவருக்கு, வெளிநாட்டிலிருந்து நோயோடு வந்த பிறிதொருவரிடமிருந்து மலேரியா தொற்றியது. சான்றிதழ் பெற்ற பின் உள்நாட்டில் நிகழ்ந்த அம்முதற்றொற்று, பேசாலையிலிருந்து நெடுந்தொலைவில் நிகழ்ந்தது. ஓரினத்தை மட்டும் நோக்கிய கருவி இவ்விடரை முற்றும் நீக்கமாட்டாது.

இனி, நெறிப்படுத்தும் முறை பற்றி ஆராய்தல் தகும். இங்கு எல்லை பற்றிய வினா தலையாயது. இராமநாதபுரக் கரையில் விடப்படும் நுளம்பு மன்னாருக்கு வாராது என எவரும் உறுதி கூற இயலாது; ஸ்டீபன்சி ஏற்கெனவே வந்துசேர்ந்துள்ளமையே அதற்குச் சான்று. 2000ஆம் ஆண்டில் நிறைவேறி 2003இல் நடைமுறைக்கு வந்த காட்டகேனாப் பொருத்தனையில் இந்தியாவும் இலங்கையும் உறுப்பு நாடுகள். மாற்றப்பட்ட உயிர் தற்செயலாக எல்லை கடக்கக் கூடுமாயின் அண்டை நாட்டுக்கு அறிவித்தல் வேண்டும் என்று அப்பொருத்தனையின் 17ஆம் உறுப்புரை பணிக்கின்றது. ‘தற்செயலாக’ என்னும் சொல்லே இங்குக் குறைபாடுடையது. பரவுதலையே இயல்பாகக் கொண்ட உயிர் எல்லை கடத்தலைத் தற்செயல் என எங்ஙனம் கொள்வது? எங்கே விதைத்தாலும் தானே படரும் ஒன்றை விதைப்பவர், படர்ந்த பின் அறிவித்தால் அவ்வறிவிப்பால் விளையும் பயன் சிறிது. அன்றியும் இந்நுட்பத்தை முன்னின்று வளர்த்த ஐக்கிய அமெரிக்கா அப்பொருத்தனையில் சேரவில்லை. 2018ஆம் ஆண்டில் எகிப்தில் கூடிய உயிர்ப்பல்வகைமை மாநாடு, உந்தல் உயிர்களைப் பொறுத்தவரை முன்னெச்சரிக்கை நெறியைக் கைக்கொள்ளுமாறும், ஏற்ற இடங்களில் பாதிக்கப்படக்கூடிய மக்களின் முன்னறிந்த இசைவைப் பெறுமாறும் நாடுகளைக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொள்வது கட்டளையாகாது எனினும் அது நல்லதொரு தொடக்கம்.

உள்நாட்டுச் சட்டத்தின் நிலையும் நோக்கற்பாலது. இந்தியாவில் 1986ஆம் ஆண்டுச் சுற்றாடற் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் ஆக்கப்பட்ட விதிகள், மாற்றப்பட்ட உயிர்களை வெளியில் விடுதற்கு அரசின் முன் அனுமதியை வேண்டுகின்றன. இலங்கையில் மரபு மாற்றிய உணவுக்கு 2001இல் விதிக்க முனைந்த தடை, வணிக நாடுகளின் எதிர்ப்பால் பின்போடப்பட்டுக் கைவிடப்பட்டது. 2007ஆம் ஆண்டு முதல் அனுமதியும் பெயர்ச்சீட்டும் வேண்டும் எனும் விதி அதனிடத்தில் அமைந்தது. உயிரியற் காப்புக்கெனத் தனிச்சட்டம் நெடுங்காலம் வரைவாகவே இருந்தது. அதே 2007ஆம் ஆண்டில் நுளம்பு பெருகுதலைத் தடுக்கும் 11ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. தன் வளவில் நுளம்பு பெருக இடங்கொடுக்கும் இல்லத்தாரை அச்சட்டம் தண்டிக்க வல்லது. சிரட்டையில் நீர் தேங்கவிட்ட ஏழையின் கடமையைச் சட்டம் இவ்வளவு தெளிவாக வரையறுத்தது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நுளம்பை நாட்டில் விட வருவோரின் கடமையை அவ்வளவு தெளிவாக அது வரையறுத்ததில்லை. வலியார்க்கும் மெலியார்க்கும் சட்டம் ஒரே நிறைகோலாதல் வேண்டும் எனக் கருதுவோர் இக்குறையைப் பொறுத்தல் இயலாது.

மக்களின் இசைவின்றி நடந்த முயற்சி எவ்வாறு முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்றுண்டு. 1969ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் இணைந்து புதுதில்லியில் நுளம்புகளின் மரபுவழிக் கட்டுப்பாட்டுப் பிரிவு ஒன்றை நிறுவின. அமெரிக்கா வழங்கிய தானியக் கடனால் இந்தியாவிற் சேர்ந்த உரூபாப் பணமே அதன் பொருள் மூலம். மலடாக்கிய ஆண் நுளம்புகளைத் தில்லியை அடுத்த கிராமங்களில் அவர்கள் விட்டனர். பின்னர் சோனிபத்து நகரில் ஏடிஸ் எகிப்தி நுளம்பைப் பெருந்தொகையாக விட எண்ணினர். 1974ஆம் ஆண்டில் செய்தித்தாள்களில் ஐயம் கிளம்பிற்று. மலடாக்கும் இரசாயனம் கிணற்று நீரிற் கலந்ததா, மஞ்சட் காய்ச்சலைச் சுமக்கவல்ல நுளம்பைத் தேர்ந்தெடுத்தது எதற்கு, பெற்ற தரவு யாருக்குப் பயன்படும் என வினாக்கள் எழுந்தன. பாராளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 1975இல் கடுமையாகக் கண்டித்தது. சோனிபத்து முயற்சி கைவிடப்பட்டது; பிரிவும் மூடப்பட்டது. எழுந்த குற்றச்சாட்டுக்களுள் மிகையானவை இருந்தன என்பதை அவ்வாய்வாளர்க்காக வாதிட்டோர் கூறினர். அவர் கூற்றை ஏற்றுக்கொண்டாலும் ஒன்று மறுக்கவொண்ணாதது: கிராமத்தார்க்கும் நகரத்தார்க்கும் முன்னரே விளங்கச் சொல்லியிருந்தால் மிகைக்கு இடமிராது. நேர்மையான விஞ்ஞானமும் மறைவாக நடப்பின் கள்வனைப்போல் ஐயுறப்படும்.

மன்னார்க் கரைக்கு இவ்வினா இன்னும் ஆழமானது. நோய்த்தடையின் பெயரால் இக்கடல்வழியே மனிதர் நடத்தப்பட்ட முறையை வரலாறு அறியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குச் சென்ற தமிழகத் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் மிகப் பலர். பின்னாளில் மண்டபத்தில் இலங்கை அரசு அமைத்த முகாமில் தோட்டத் தொழிலாளரைத் தடுத்துவைத்து, அம்மை ஊசி ஏற்றி, நோயில்லை எனக் கண்ட பின்னரே கடல் கடக்கவிட்டனர். தொற்றைத் தடுத்தல் அவசியமே. ஆயினும் இடரின் சுமை முழுவதும் ஏழையின் உடல்மேல் வைக்கப்பட்டது. முடிவு செய்யும் உரிமையோ அவனுக்கு இருந்ததில்லை. புதிய உயிர்நுட்பத்தின் நெறிமுறையும் அதே வடிவில் அமையுமாயின், கருவி புதிதாயினும் முறை பழையதே. சோதனை நிலமாகத் தெரிந்தெடுக்கப்படுவது பெரும்பாலும் கடலாற் சூழ்ந்த சிறு தீவு. அங்கு வாழ்வோர் மீனவரும் பனைத் தொழிலாளரும். தீவு என்பதால் இடர் அடங்கும் என்று ஆய்வாளர் கருதுவர். படகும் பாலமும் பேருந்தும் உடைய மன்னார் அவ்வாறு அடங்கிய தீவன்று.

இனி மறுதரப்பையும் நிறுத்தல் வேண்டும். புதியது யாவும் தீது என்பாரும் உளர். அவர் பேசாலைக் கிணற்றுள் ஒருமுறை நோக்குவது நன்று. ஸ்டீபன்சியைக் கண்டபின் மலேரியாத் தடை இயக்கத்தினர் கைக்கொண்ட வழிகளுள் குடம்பி தின்னும் மீனைக் கிணற்றில் விடுதலும் ஒன்று. இப்பணிக்கு எங்கும் பயன்படும் கப்பி மீன் தென்னமெரிக்க நீர்நிலைகளுக்கு உரியது. அதுவும் கடல் கடந்து வந்த அயலுயிரே. அயலானது என்பதொன்றையே குற்றமாகக் கொண்டால் அம்மீனையும் விலக்க நேரும். அவ்வாறன்றி, மீனையும் உந்தலையும் வேறுபடுத்துவது எது என வினவுதல் வேண்டும். கட்டிய கிணற்றில் விட்ட மீன் அக்கிணற்றளவில் நிற்கும். அதன் பயனை அவ்வீட்டார் தம் கண்ணாற் காண்பர். தீது நேரின் கிணற்றை இறைத்து மீனை அகற்றுவர். அதே மீனைக் குளத்திலும் ஓடையிலும் விட்டால் அது நாட்டு மீனை நெருக்கும். அப்போது அதுவும் மீட்கவொண்ணாத செயலாகும். ஆகவே இடரின் அளவை அயலானதா நாட்டுக்குரியதா என்பதைக் கொண்டும், பழையதா புதியதா என்பதைக் கொண்டும் துணிதல் பிழை. செய்ததை மீட்க இயலுமா, மீட்கும் ஆற்றல் யார் கையில் உள்ளது என்னும் இரண்டையும் கொண்டே துணிதல் வேண்டும்.

இவ்விரு வினாக்களையும் அளவுகோலாகக் கொள்வோமாயின், நெறிமுறையின் படிகள் தாமே புலப்படும். தானே ஓயும் நுட்பம் ஆராயப்பட்டுப் பயன் காணப்படுமுன் தானே பரவும் நுட்பத்துக்கு இடமளித்தல் முறையாகாது. பாக்கு நீரிணையின் இருகரையிலும் ஒரே நுளம்பு உறைவதால், ஒரு கரையில் விடுதற்கு மறுகரையின் இசைவு முன்னரே வேண்டப்படும். அதற்கு இரு நாடுகளுக்கும் இடையே தனி உடன்பாடு தேவை. விட்டவர் பின்விளைவைக் கண்காணிக்கவும் இழப்பை ஈடுசெய்யவும் கடமைப்பட்டவர் என்பதைச் சட்டம் எழுத்தில் வைத்தல் வேண்டும். அறிக்கைகள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டு, கிராமச் சபையும் மீனவர் சங்கமும் படித்து வினவத்தக்க வகையில் முன்வைக்கப்படுதல் வேண்டும். மறுப்பதற்கு உரிமையில்லாதவன் தரும் இசைவு இசைவாகாது.

இவற்றோடு உள்நாட்டு அறிவை வளர்த்தலும் இன்றியமையாதது. கலிபோர்னியாவில் ஆக்கிய நுட்பத்தைப் பற்றி மன்னார் மக்கள் கருத்துரைக்க வேண்டுமாயின், மன்னார் நுளம்பைப் பற்றி மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கற்றவர் இருத்தல் வேண்டும். எந்தக் கிணற்றில் எவ்வினம், எம்மாதத்தில் பெருகும், எம்மருந்தைத் தாங்கும் என்ற குறிப்புக்கள் இல்லாதவிடத்து, வெளியார் கூறும் நன்மையையும் அளக்க முடியாது. தீமையையும் அளக்க முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் வடபுலத்து நுளம்புகளைப் பற்றிச் செய்துவரும் ஆய்வுகள் இவ்வகையில் மதிக்கத்தக்கன. கல்லூரிகளின் விஞ்ஞான மாணவர்க்கும் இப்பணியில் இடமுண்டு. குடம்பியை இனங்காண ஓர் உருப்பெருக்கியும் பொறுமையுமே போதும்.

பேசாலையில் 2016ஆம் ஆண்டு அந்நுளம்பைக் கண்டுபிடித்தது பெருங்கருவி எதுவும் அன்று. நோய் ஒழிந்தது எனச் சான்றிதழ் பெற்று மூன்று மாதமே கழிந்த நிலையில், வாளியும் அகப்பையும் ஏந்திக் கிணறு கிணறாகச் சென்று குடம்பி தேடிய பணியாளர் காவலைக் கைவிடாதிருந்தமையாலேயே அது வெளிப்பட்டது. 1963இல் தளர்ந்த காவல் 2016இல் தளரவில்லை. நாளை எந்நுட்பம் வந்தாலும், அதனை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் வேண்டிய தகுதியை மன்னார்க் கரைக்கு அளிப்பது அக்காவலே.